கிடாரிக்கு அப்பன் யார்?

மாடு வாங்கப் போனாலும் சரி, வீட்டில் பிறந்த கிடாரியை வளர்க்கலாமா விற்கலாமா என்று யோசித்தாலும் சரி, எங்கள் பக்கம் முதலில் வரும் கேள்வி, "தாய் எத்தனை லிட்டர்?" அப்பனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "சிந்து ஊசி போட்டது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கிடாரிக்குக் கிடைத்த குணங்களில் சரிபாதி அப்பன் கொடுத்தது. அந்தப் பாதி, உறைய வைத்த விந்தாக, நம் தொழுவுக்கு ஒரு சின்னக் குழலில் வருகிறது, ஊசி என்று நாம் சொல்வது அதைத்தான். ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது, காலிக் குழல் எருக்குழிக்குப் போகிறது. அவன் பெயரும் அதோடு போயிற்று.

நான் சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயலும், ஆறேழு மாடும் வைத்துப் பிழைக்கிறவள். நூறு மாடு கட்டிய பண்ணைக்காரர்கள் கம்ப்யூட்டர் வைத்துச் செய்வதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. நம்மைப் போல கையால் கறக்கிறவர்கள், ஒரு நோட்டும் ஒரு இஞ்ச் டேப்பும் வைத்துக்கொண்டு, ஈத்துக்கு ஈத்து நல்ல மாடாக எப்படிச் சேர்ப்பது என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு கணக்கு

தாய் நிறையக் கறந்தால் மகளும் அதே அளவு கறக்கும் என்று நம்பித்தான் பணத்தைக் கொட்டுகிறோம். உள்ளபடி எவ்வளவு இறங்கும் என்று பார்க்கலாம்.

ஒரே தொழுவில் நிற்கிற மாடுகளுக்குள் பால் கூடக் குறைய இருப்பதற்குத் தீவனம், வயது, ஈன்ற மாதம், உடம்பு நலம் என்று பல காரணங்கள் உண்டு. அந்த வித்தியாசத்தில் பிறவியிலேயே வந்தது ஏறக்குறைய கால் பங்குதான். கூடிப்போனால் முப்பது சதவீதம். உங்கள் தொழுவின் சராசரி 8 லிட்டர், செவலை என்கிற மாடு மட்டும் 12 லிட்டர் கறக்கிறது என்று வையுங்கள். கூடுதல் 4 லிட்டர். அதில் கால் பங்கு, அதாவது 1 லிட்டர்தான் அதன் பிறவிச் சொத்து. கன்றுக்கு அதில் பாதி போகும். ஆக, செவலையின் மகளிடம் மற்றக் கிடாரிகளைவிட நீங்கள் கூடுதலாக எதிர்பார்க்கக்கூடியது அரை லிட்டர்.

அரை லிட்டர்தானா என்று சலிப்பு வரும். ஆனால் அது செவலையின் ஒரே ஒரு ஈத்தை, அதாவது ஒரு தடவை ஈன்று கறந்த பாலை, வைத்துப் போட்ட கணக்கு. மூன்று ஈத்திலும் அது சராசரிக்கு மேல் 4 லிட்டர் கறந்திருந்தால், அந்த வருடத் தீவனம், அந்த வருட மழை என்கிற அதிர்ஷ்டமெல்லாம் கழிந்துபோய், மகளிடம் முக்கால் லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். மாடு அதே மாடுதான். நமக்கு அதைப் பற்றித் தெரிந்தது கூடியிருக்கிறது. நோட்டு எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

கொழுப்பு சதவீதத்தின் கதை வேறு. அதில் பிறவியின் பங்கு பாதிக்குப் பாதி. கொழுப்பு நன்றாக வரும் மாட்டின் மகளுக்கும் பெரும்பாலும் கொழுப்பு நன்றாகவே வரும். ஆனால் பால் கூடக் கூடக் கொழுப்பு சதவீதம் இறங்கும் போக்கும் ரத்தத்திலேயே இருக்கிறது. பால் சொசைட்டியில் கொழுப்பையும், எஸ்.என்.எப். என்கிற கொழுப்பு நீங்கிய திடச்சத்தையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள் என்பதால், லிட்டரை மட்டும் துரத்துவது நமக்குக் கட்டாது.

இப்போது அப்பனைப் பாருங்கள். தரம் சோதித்த காளை என்றால், அதன் மகள்கள் பல ஊர்களில், பல தொழுவங்களில் கறந்ததை அளந்து போட்ட கணக்கு அதன் பின்னால் இருக்கிறது. ஒரு வீட்டில் பருத்திக்கொட்டை, இன்னொரு வீட்டில் வெறும் வைக்கோல், எல்லாம் கலந்து சராசரியாகிவிடும். மிஞ்சுவது காளையின் குணம். இதைச் சந்ததிச் சோதனை என்கிறார்கள். ஒரு காளைக்கு இதை முடிக்க ஐந்தாறு வருடம் பிடிக்கும். நம் தொழுவில் ஒரு மாட்டை மூன்று ஈத்து பார்த்துக் கிடைக்கிற நம்பிக்கையைவிட அந்தக் கணக்கு எவ்வளவோ கெட்டி. அப்படிப்பட்ட காளையின் ஊசி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, காளையின் எண்ணைக்கூடக் கேட்காமல் போட்டுக்கொள்வது எனக்குப் பொறுக்காத விஷயம்.

குழலைப் படிப்பது

உறைவிந்துக் குழல் ஒரு சாண் நீளம்கூட வராது, தென்னை ஈர்க்கைவிடக் கொஞ்சம் தடிமன். உள்ளே இருப்பது கால் மில்லி. அதன் மேல் பொடி எழுத்தில் காளையின் எண், இனம், எந்த உறைவிந்து நிலையத்தில் எடுத்தது, எந்தத் தேதியில் உறைய வைத்தது என்று அச்சடித்திருப்பார்கள். என் கண்ணுக்கு அந்த எழுத்து எட்டாது. ஊசி போட்டு முடிந்ததும் காலிக் குழலைக் கழுவி, முந்தானையில் துடைத்து, அந்த மாட்டின் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்தி எண்ணைப் பெரிதாக எழுதி வைப்பாள்.

எங்கள் ஊருக்கு ஊசி போட வரும் தம்பியிடம் முதல் தடவை கேட்டபோது, "யக்கா, ஜெர்சிதான், நல்ல ஊசி" என்றார். "நல்லதுன்னா எந்த நம்பர் தம்பி?" என்றேன். சிரித்தார். "ஊருக்குள்ள ஒருத்தரும் இதைக் கேக்க மாட்டாங்களே!" இப்போதெல்லாம் குழல்கள் கிடக்கும் கேனைத் திறக்கும்போதே அவராகவே எண்ணை வாசித்துவிடுகிறார். கேட்கிறவர்கள் இருந்தால் கொண்டுவருகிறவர்களும் கவனமாகத்தான் இருப்பார்கள்.

எண்ணோடு கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, காளைக்குச் சந்ததிச் சோதனை முடிந்திருக்கிறதா, இல்லை அதன் தாய் கறந்த பால் மட்டும்தான் கணக்கா என்பது. தாய்க் கணக்கு பெரிய எண்ணாக இருக்கும், ஆளை மயக்கும். அது பண்ணைத் தீவனத்தில், பண்ணைக் கவனிப்பில் வந்த பால். மகள்களின் கணக்கு இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. மகள்கள் கணக்கு, தாய்க் கணக்கு இரண்டோடு இப்போது மூன்றாவதாக ஒரு வழியும் வந்திருக்கிறது: கன்றாக இருக்கும்போதே ரத்தத்தையோ முடியையோ சோதித்து, மரபணுவைப் படித்து, இது நல்ல காளையாக வருமா என்று கணிப்பது. அமெரிக்காவில் 2009 முதலே இதை அதிகாரபூர்வமாகச் செய்கிறார்கள். நம் நாட்டு மாடுகளுக்கென்று மரபணுவைப் படிக்கும் தனிச் சில்லுகளும் வந்துவிட்டன. சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இதன் லாபம்.

இரண்டாவது, சீமை ரத்தம், அதாவது ஜெர்சி மாதிரி வெளிநாட்டு இன ரத்தம், எத்தனை சதவீதம் என்பது. கணக்கு சுலபம். தாயின் சதவீதத்தையும் காளையின் சதவீதத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். தாய் 50, காளை சுத்த ஜெர்சி என்றால் கன்று 75. தாய் 50, காளையும் 50 என்றால் கன்று 50. சமவெளிக்கு 50-லிருந்து 62.5 வரை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். 75-ஐத் தாண்டிய மாடு தை மாசியில் ராணி மாதிரி கறக்கும். அக்கினி நட்சத்திரத்தில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும், தீவனத்தைத் தள்ளும், பருவத்துக்கு வந்தாலும் வெளியே காட்டாது. சுத்த நாட்டு மாட்டுக்கு முதல் தடவை ஜெர்சி போட்டுப் பிறக்கும் கிடாரிதான் எல்லாவற்றிலும் கெட்டி. ரெண்டு ரத்தம் புதிதாகக் கலக்கும்போது ஒரு தனி வீரியம் வரும். அடுத்த தலைமுறையில் கலப்புக்குக் கலப்பே சேர்த்தால் அந்த வீரியத்தில் பாதி குறைந்துவிடும். அதனால்தான், "இதோட அம்மா அப்படிக் கறந்துச்சே, இது ஏன் இப்படி?" என்று பலபேர் முழிக்கிறார்கள்.

கருப்பு வெள்ளை எச்.எப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) வேண்டுமா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, மலைப் பக்கத்துக்கு எச்.எப். என்று வைத்திருப்பது சும்மா இல்லை. தென்காசிப் பக்கம் சாரல் விழுகிற ஊர்களில், பசுந்தீவனமும் தண்ணீரும் குறைவில்லாமல் இருந்தால் எச்.எப். கலப்பு ஓடும். மானூர், நாங்குநேரி வெயிலில் அதைக் கட்டி வைப்பதை நான் சொல்ல மாட்டேன்.

ஒரே காளை திரும்பத் திரும்ப

எண்ணை எழுதி வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, இதுதான் முக்கியமானதும். நல்ல காளை என்றால் அதன் விந்து வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். காளை செத்த பிறகும் வரும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கிற குழலுக்கு வயதில்லை. உங்கள் செவலைக்குப் போட்ட காளையின் குழலே, செவலையின் மகள் பருவத்துக்கு வரும்போதும் கேனில் இருந்தால்? அப்பனை மகளுக்கே சேர்த்த மாதிரி ஆகும். பிறக்கும் கன்று நோஞ்சானாகலாம், சினை நிற்காமல் போகலாம், பால் குறையலாம். நோட்டு இல்லாத வீட்டில் இது நடந்தாலும் யாருக்கும் தெரியாது. "ராசியில்லாத கிடாரி" என்று சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1962-ல் பிறந்த ஒரு ஹோல்ஸ்டீன் காளை, பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்று பெயர். பால் குணம் அபாரம். 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள், 20 லட்சத்துக்கு மேல் கொள்ளுப்பேத்திகள். அந்தக் காளையின் ரத்தத்தில் ஒரு பழுதான மரபணுவும் ஒளிந்திருந்தது. ஒற்றையாக வந்தால் ஒன்றும் செய்யாது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் சேர்ந்து வந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். அதன் வம்சத்துக்குள்ளேயே சேர்க்கை நடக்க நடக்க, உலகம் முழுக்க ஏறத்தாழ 5 லட்சம் கரு இப்படிக் கலைந்திருக்கும் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். பால் பெருகியதில் வந்த லாபம் அதைவிடப் பல மடங்கு என்பதும் உண்மை. ஐந்து மாடு வைத்திருக்கிறவளுக்கு ஒரு கரு கலைவது என்பது ஒரு வருட வரும்படி.

ஆகவே ஊசி போடும் முன் நோட்டைப் பாருங்கள். மாட்டின் அப்பன் எண், தாயின் அப்பன் எண், இந்த ரெண்டும் கேனில் இருக்கும் எண்ணோடு ஒத்துவரக் கூடாது. ஒத்துவந்தால் வேறு குழல் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். 21 நாளில் திரும்ப வரும்.

நோட்டில் என்ன எழுதுவது

மாட்டுக்கு ஒரு பக்கம். மேலே காதில் போட்ட மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண். கூப்பிடும் பெயரும் எழுதலாம், ஆனால் எங்கள் ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு செவலை. அப்புறம் தாய், அப்பன் எண், பிறந்த தேதி. பருவத்துக்கு வந்த நாள், ஊசி போட்ட நாள், குழல் எண், சினை பார்த்த நாள், ஈன்ற நாள். இவ்வளவுதான்.

பாலைத் தினமும் எழுத வேண்டாம். மாதத்தில் ஒரு நாளை முடிவு செய்துகொண்டு, அன்று காலையும் மாலையும் அளந்து எழுதினால் போதும். நான் அமாவாசைக்கு அளக்கிறேன், மறக்காது என்பதால். கன்றை ஊட்டவிட்டுக் கறக்கிறவர்கள் ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டால், எல்லா மாட்டுக்கும் அதே ஒரு காம்பை விடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஈன்று ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும். அந்த உச்ச நாள் பாலை 200-ஆல் பெருக்கினால் ஒரு ஈத்தின் மொத்தப் பால் தோராயமாகக் கிடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் தொழுவில் நின்றது மாதிரி ரெண்டு மாட்டை எடுத்துக்கொள்வோம். கருப்பி உச்சத்தில் 12 லிட்டர், ஆனால் சினை பிடிக்க இழுத்தடித்து 19 மாதத்துக்கு ஒரு தடவை ஈனும். வெள்ளைச்சி 10 லிட்டர்தான், ஆனால் 13 மாதத்துக்கு ஒரு கன்று. கருப்பியின் ஈத்துப் பால் 2,400, கடைசியில் இழுத்துக் கறந்த 200 சேர்த்து 2,600 என்றே வைப்போம். 570 நாளால் வகுத்தால் நாளைக்கு 4.6 லிட்டர். வெள்ளைச்சியின் 2,000 லிட்டரை 390 நாளால் வகுத்தால் 5.1. ஊரெல்லாம் கருப்பியைத்தான் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

ஆனால் சினை பிடிக்கும் குணம் ரத்தத்தில் இறங்குவது மிகக் குறைவு, நூற்றுக்கு ஐந்துகூட வராது. அதனால் கருப்பியின் மகளும் இப்படித்தான் இருப்பாள் என்று முத்திரை குத்த வேண்டாம். தாமதத்துக்குப் பெரும்பாலும் தீவனமும், தாது உப்பும், பருவத்தைக் கவனிக்காத நம் கண்ணும்தான் காரணம். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. கத்துவதும் கண்ணாடி மாதிரி ஒழுகுவதும் அறிகுறிகள்தாம். இன்னொரு மாடு மேலே தாவும்போது அசையாமல் நிற்பதுதான் சரியான நேரம். வாலில் ரத்தக் கறை தெரிந்தால் பருவம் முடிந்து ரெண்டு நாள் ஆயிற்று என்று அர்த்தம்; தேதியை எழுதிவிட்டு, 17, 18 நாளில் இருந்து கவனியுங்கள். குழலை 37 டிகிரி வெந்நீரில் 30 வினாடி வைத்து இளக்க வேண்டும், அக்குளில் வைத்து அல்ல. ஊசி போட ஆள் வரும்போது ஒரு செம்பில் வெதுவெதுப்பான தண்ணீரோடு நில்லுங்கள், சொல்லாமலே புரியும். மாசியில் சினை பிடித்தால் கார்த்திகையில் ஈனும். அப்போது மழையில் வரப்பெல்லாம் பச்சை. பிசான நெல் அறுப்பு முடிந்ததும் வைக்கோலும் வந்துவிடும்.

எந்தக் கிடாரியை வைத்துக்கொள்வது

தொழுவில் மேல்தட்டில் இருக்கும் ரெண்டு மூன்று மாட்டின் கிடாரிகளை மட்டும் வளர்க்கத் திட்டமிடுங்கள். அந்த மாடுகளுக்குத்தான் பாலினம் பிரித்த உறைவிந்து. நூற்றுக்குத் தொண்ணூறு கிடாரியாகப் பிறக்கும். அதில் உயிரணு குறைவாக இருப்பதால் சினை பிடிப்பது கொஞ்சம் குறையும். உடம்பு தேறிய கிடாரிக்கும், ஒழுங்காகப் பருவம் காட்டும் மாட்டுக்கும் போடுங்கள். ரெண்டு மூன்று ஊசி பொய்த்த மாட்டுக்கு அதைப் போடுவது காசைக் கால்வாயில் விடுவது.

இரட்டைக் கன்று பிறந்து, ஒன்று காளைக்கன்று, ஒன்று கிடாரி என்றால், அந்தக் கிடாரியின் தாய் எவ்வளவு பெரிய கறவையாக இருந்தாலும் வளர்க்காதீர்கள். கருவிலேயே காளைக்கன்றின் ரத்தம் கலந்து, பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகத்தான் இருக்கும். விவரம் தெரியாமல் ரெண்டு வருடம் தீவனம் போட்டு, பருவத்துக்கு வரவில்லையே என்று கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிடாரிக்கு ஊசி போட வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். தையல்காரர் இஞ்ச் டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரை நீளத்தை அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 58 இஞ்ச், நீளம் 48 இஞ்ச் என்றால் சுமார் 245 கிலோ. வளர்ந்த மாட்டின் எடையில் அறுபது சதவீதம் வந்ததும் போடலாம். ஜெர்சிக் கலப்புக்கு 200, 220 கிலோவைத் தாண்டினால் சரி. எவ்வளவு நல்ல அப்பனாக இருந்தாலும், பிறந்த உடனே சீம்பால் கொடுக்காமல், குடற்புழு மருந்தும் கொடுக்காமல் விட்ட கிடாரியிடம் ஒன்றும் நடக்காது.

தலையீத்துப் பாலைப் பார்த்து அவசரமாக முடிவு எடுக்காதீர்கள். முழுவளர்ச்சியில் கறக்கப்போவதில் முக்கால் பங்குதான் அப்போது வரும். உச்சம் மூன்றாம் நாலாம் ஈத்தில். எட்டு லிட்டர் கறக்கும் தலையீத்தை எட்டு லிட்டர் கறக்கும் நாலாம் ஈத்தோடு வைத்துப் பார்ப்பது அநியாயம். தலையீத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அப்போது மடியையும் பாருங்கள்: பின்னங்கால் முட்டிக்கு மேலே நிற்கிறதா, நாலு காம்பும் கைக்கு அடங்குகிறதா என்று. தொங்கும் மடி சேற்றில் உரசி மடிநோயில்தான் முடியும். மாட்டின் உடம்பில் முடிச் சுழி பார்க்கிற வழக்கம் நம் பக்கம் பலமாக உண்டு. சுழிக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் விற்கும்போது விலையைக் குறைப்பார்கள் என்பதால் நானும் ஒரு கண் வைத்துக்கொள்கிறேன்.

வெளியில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் கட்டி நிற்கும் மடியைப் பார்த்து மயங்காதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் கறக்காமல் விட்டால் எந்த மடியும் கட்டும். முடிந்தால் வீட்டுக்கே போய், அடுத்தடுத்து மூன்று வேளை கறந்து பாருங்கள். பல்லைப் பாருங்கள், பல் எல்லாம் விழுந்து முளைத்து முடிந்த, கடை சேர்ந்த மாட்டை ரெண்டாம் ஈத்து என்று சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். காது வில்லை எண் இருந்தால் கால்நடை மருந்தகத்தில் அதை வைத்து ஊசி, சினை விவரம் கேட்கலாம். அப்பன் எண் தெரிந்த மாடு சந்தையில் கிடைப்பது அபூர்வம்தான்.

விற்க வேண்டியதையும் நோட்டுதான் சொல்லும். ரெண்டு ஈத்தாகத் தொழுவின் சராசரிக்குக் கீழே கறப்பது, மடிநோய் திரும்பத் திரும்ப வருவது, டாக்டர் பார்த்தும் சினை நிற்காதது, இந்த வரிசையில் விற்கலாம். அம்மா வீட்டுச் சீராக வந்த மாட்டின் வம்சம் என்று ஒன்று எங்கள் தொழுவிலும் நிற்கிறது, கறப்பது ஆறு லிட்டர். என் மருமகள் அதை விற்கச் சொல்கிறாள், நோட்டும் அதைத்தான் சொல்கிறது. இப்போதைக்கு அதற்குச் சோதனை முடிந்த காளையின் ஊசி போட்டிருக்கிறேன். கிடாரி பிறந்து அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய பிறகு தாயைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன்.